எளியோர் பக்கம் நின்ற வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் வழக்கறிஞர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவானேன் என்று சிலர் வினவக்கூடும். நாம் எடுத்துக்கொண்ட வழக்கறிஞரின் பெயரை உலகெங்கும் பரப்பிய வழக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் பிறந்தது. வகுப்பறையில் எதைக் கற்பிக்கலாம், எதைக் கற்பிக்கலாகாது என்று மத நம்பிக்கையின் பெயரால் சட்டம் கட்டளையிட முடியுமா என்பதே அவ்வழக்கின் பொருள். அதே ஆண்டின் இறுதியில் அவர் ஏற்ற மற்றொரு வழக்கோ ஒரு வீட்டு வாசலில் பிறந்தது. பணம் கொடுத்து வாங்கிய வீட்டில் ஒருவன் குடியிருப்பதை, அவனது பிறப்பைக் காரணம் காட்டி ஊர் திரண்டு தடுக்க முடியுமா என்பது அதன் பொருள். முதல் வழக்கை உலகம் அறியும். நாடகமாகவும் திரைப்படமாகவும் கண்டு களித்திருக்கிறது. இரண்டாவதை அறிந்தோர் சிலரே. இரண்டையும் சேர்த்து அறிய வேண்டியவர்கள் நம் இளைஞர்கள் என்று கருதியே இவ்வரலாற்றை எழுதத் துணிந்தோம்.

இளமையும் கல்வியும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஒகையோ மாநிலத்தில், கின்ஸ்மன் என்னும் சிற்றூரை அடுத்த ஃபார்ம்டேலில் 1857ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கிளாரன்ஸ் டாரோ பிறந்தார். தந்தை அமிரஸ் டாரோ, தாய் எமிலி. தந்தையார் இறையியல் பயின்றவர். ஆயினும் மதகுருவாகப் பணிபுரிய மனம் ஒப்பாமல், மேசை நாற்காலி செய்யும் தொழிலை மேற்கொண்டார். ஊரில் இறப்பு நேர்ந்தால் சவப்பெட்டி செய்து கொடுத்து, அடக்கத்திற்கு வேண்டிய பணிகளைக் கவனிப்பதும் அவர் தொழிலாயிற்று. வருவாய் சொற்பம்; பிள்ளைகள் பலர். எனினும் அவ்வீட்டில் எங்கு நோக்கினும் நூல்களே நிறைந்திருந்தன.

அந்நாளில் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் ஆடுமாடுகளைப் போல் விற்கப்பட்டும் வாங்கப்பட்டும் வந்தனர். அக்கொடுமை ஒழிய வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசியவர் அமிரஸ். சமயக் கருத்துகளிலும் ஊரார் அனைவரும் ஒரு வழி நிற்க, அவர் தனி வழி நின்றார். நம்பிக்கையற்றவர் என்று ஊரார் அவரைச் சுட்டிக் காட்டினர். அவரோ அதற்காக எவரையும் வெறுத்தாரில்லை. தம் கருத்தை மாற்றிக்கொண்டாருமில்லை. பலர் ஒரு பக்கம் நிற்பதனாலேயே அப்பக்கம் உண்மையாகிவிடாது என்னும் பாடத்தை மகன் தந்தையிடம் கற்றார். தாயார் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்னும் கருத்துடையவர். அவ்வம்மையார் டாரோவின் இளம் பருவத்திலேயே காலமானார்.

டாரோ அலெகெனி கல்லூரியில் ஓராண்டு பயின்றார். 1873ஆம் ஆண்டு ஏற்பட்ட பொருளாதார நெருக்கடி அப்படிப்பை முறித்தது. ஊர் திரும்பிய இளைஞர், கிராமப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக அமர்ந்தார். அந்நாளில் பள்ளி என்றால் பிரம்பு. பிரம்பு என்றால் பள்ளி. டாரோ தம் பள்ளியில் பிரம்படியை அறவே நீக்கினார். நண்பகல் ஓய்வு நேரத்தையும் நீட்டித்தார். அச்சத்தால் பிறக்கும் அடக்கத்தை அவர் கல்வி என்று கொள்ளவில்லை. ஆசிரியப் பணியில் வாழ்நாளைக் கழித்துவரும் நமக்கு, பிற்காலத்தில் புகழ் பெற்ற டாரோவினும் இவ்விளம் ஆசிரியரே நெருங்கியவராகத் தோன்றுகிறார்.

பள்ளியில் பணிபுரிந்தவாறே அவர் சட்ட நூல்களைப் படித்தார். பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு சட்டம் பயின்று, எஞ்சியதை வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் இருந்தே கற்றுத் தேர்ந்தார். 1878ஆம் ஆண்டு வழக்கறிஞராகப் பதிவு பெற்றார். ஒகையோவின் சிற்றூர்களில் சுமார் ஒன்பது ஆண்டுகள் மாட்டு வழக்கும் எல்லைத் தகராறும் நடத்தி வந்தார்.

பதவியைத் துறந்தமை

1887ஆம் ஆண்டு டாரோ சிகாகோ நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கு ஜான் பீட்டர் ஆல்ட்கெல்டு என்னும் பெருமகனின் நட்பு அவருக்குக் கிட்டியது. ஏழ்மையே பலரைச் சிறைக்கு அனுப்புகிறது என்பதைத் தக்க சான்றுகளுடன் நூலாக எழுதியவர் ஆல்ட்கெல்டு. பின்னர் இல்லினாய் மாநிலத்தின் ஆளுநராகவும் விளங்கினார். அந்நட்பின் பயனாக நகராட்சியின் சட்டத் துறையில் டாரோவுக்குப் பணி கிடைத்தது. அதன்பின் பெரிய இரயில்வே நிறுவனம் ஒன்றின் வழக்கறிஞரானார். வருவாய்க்குக் குறைவில்லை, வாழ்க்கையில் வசதி பெருகியது.

1894ஆம் ஆண்டு சிகாகோவை அடுத்த புல்மன் நகரில் இரயில் பெட்டித் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். நிறுவனம் கூலியைக் குறைத்தது. ஆனால் தனக்குச் சொந்தமான குடியிருப்புகளின் வாடகையை மட்டும் குறைக்க மறுத்தது. இரயில்வே தொழிலாளர் சங்கத் தலைவர் யூஜின் டெப்சு அவர்களுக்குத் துணை நின்றார். நாட்டின் பெரும் பகுதியில் இரயில்கள் நின்றன. நீதிமன்றத் தடையாணையை மீறினார் என்று டெப்சு கைது செய்யப்பட்டார். டாரோ அப்பொழுது உண்டது இரயில்வேயின் சோறு. அவர் அந்தப் பதவியைத் துறந்துவிட்டு, டெப்சுக்காக வழக்காடப் புறப்பட்டார். அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1895இல் தோல்வியில் முடிந்தது. டெப்சு ஆறு மாதம் சிறை புகுந்தார். ஆனால் தொழிலாளர்களுக்கென்று ஒரு வழக்கறிஞர் கிடைத்துவிட்டார்.

1902இல் பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் நடத்திய வேலை நிறுத்தம் நாட்டையே உலுக்கியது. குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் நியமித்த குழுவின் முன் தொழிலாளர் சார்பில் டாரோ நின்றார். சட்ட நுணுக்கங்களை அடுக்குவதைவிட, துன்பப்பட்டவர்களைப் பேச வைப்பதே வலிமையான வாதம் என்று அவர் கருதினார். சுரங்கத்தில் உடல் சிதைந்தோரும், நிலக்கரியிலிருந்து கல்லைப் பொறுக்கும் வேலையில் ஈடுபட்ட சிறுவர்களும், ஆலையில் இரவெல்லாம் உழைத்த சிறுமியரும் அக்குழுவின் முன் வந்து தம் வாழ்க்கையைக் கூறினர். 1903இல் வெளிவந்த முடிவு, தொழிலாளர்க்குப் பத்து விழுக்காடு ஊதிய உயர்வையும் வேலை நேரக் குறைப்பையும் பெற்றுத் தந்தது. 1907இல் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட சுரங்கத் தொழிலாளர் தலைவர் வில்லியம் ஹேவுட்டுக்கு டாரோவின் வாதத் திறத்தால் விடுதலை கிடைத்தது.

வீழ்ச்சியும் மீட்சியும்

பெரியோர் வரலாற்றை எழுதுவோர் அவர்தம் நிறைகளை மட்டுமே அடுக்குவது வழக்கம். அவ்வாறு எழுதுவது இளைஞர்களுக்குப் பயன்படாது. டாரோவின் வாழ்வில் இருள் சூழ்ந்த காலமும் உண்டு.

1910ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு நாளிதழின் கட்டடத்தில் வெடிகுண்டு வெடித்து 21 பேர் மாண்டனர். குற்றம் சாட்டப்பட்ட மக்னமாரா சகோதரர்கள் தொழிற்சங்கத்தைச் சார்ந்தவர்கள். அவர்கள் குற்றமற்றவர்கள் என்று நாடெங்கும் தொழிலாளர்கள் நம்பி நிதி திரட்டினர். டாரோ வழக்கை ஏற்றார். ஆனால் குற்றத்திற்கான சான்றுகள் மறுக்க முடியாதனவாக இருந்தன. தூக்குத் தண்டனையிலிருந்து காப்பாற்றும் பொருட்டு 1911 டிசம்பரில் இருவரையும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்தார். தொழிற்சங்கங்கள் அவரைத் துரோகி என்று தூற்றின. அத்துடன், தீர்ப்பு வழங்கும் ஜூரி உறுப்பினர்களுக்கு இலஞ்சம் கொடுக்க முயன்றார் என்னும் குற்றச்சாட்டும் அவர்மீதே எழுந்தது. ஒரு வழக்கில் 1912இல் விடுதலையானார். மற்றொன்றில் 1913இல் ஜூரியினர் ஒருமித்த முடிவுக்கு வர இயலவில்லை. அவர் உண்மையில் தவறு செய்தாரா என்பது குறித்து வரலாற்றாசிரியர்கள் இன்றளவும் வேறுபடுகின்றனர். பொருள் போயிற்று; நண்பர் பலர் போயினர். ஐம்பத்தாறாம் வயதில் வெறுங்கையுடன் சிகாகோ திரும்பி, மீண்டும் முதற்படியிலிருந்து தொடங்கினார்.

அதன்பின் அவர் பெரும்பாலும் மரண தண்டனைக்கு அஞ்சி நின்றோர் சார்பில் வாதாடினார். அவர் வாழ்நாள் முழுவதும் மரண தண்டனையை எதிர்த்தார். 1924ஆம் ஆண்டு, செல்வக் குடும்பத்து மாணவர் இருவர் ஒரு சிறுவனைக் கொன்ற கொடிய வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்து, தண்டனையை மட்டும் குறைக்குமாறு நாட்கணக்கில் வாதிட்டார். நீதிபதி அவர்களுக்கு ஆயுள் தண்டனை விதித்தார். கொலையைக் கொலையால் மாய்க்க இயலாது என்று அவர் ஆற்றிய உரை சட்ட மாணவர்களால் இன்றும் படிக்கப்படுகிறது.

டேட்டன் நகர வழக்கு

இனி நம் கட்டுரையின் மையத்திற்கு வருவோம். 1925 மார்ச்சு மாதம் டென்னசி மாநிலத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. அரசுப் பணத்தில் நடைபெறும் எந்தப் பள்ளியிலும், விவிலியம் கூறும் படைப்பு வரலாற்றை மறுத்து, மனிதன் கீழ்நிலை விலங்கிலிருந்து தோன்றியவன் என்று கற்பிப்பது குற்றம் என்பதே அச்சட்டம். சார்லசு டார்வின் தம் பரிணாமக் கொள்கையை நூலாக வெளியிட்டது 1859இல். அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு மாநிலம் அதனை வகுப்பறை வாயிலில் தடுத்து நிறுத்தியது.

1920இல் தோன்றிய அமெரிக்கக் குடியுரிமைக் கழகம், இச்சட்டத்தை எதிர்த்து வழக்காட முன்வரும் ஆசிரியருக்கு உதவுவதாக அறிவித்தது. ஏறத்தாழ 1,800 பேர் வாழ்ந்த டேட்டன் என்னும் சிற்றூரின் பிரமுகர்கள் சிலர், இவ்வழக்கு தம் ஊரில் நடந்தால் ஊருக்குப் பெயரும் வணிகமும் பெருகும் என்று கணக்கிட்டனர். மருந்துக் கடை ஒன்றில் கூடிய அவர்கள், ஜான் ஸ்கோப்ஸ் என்னும் 24 வயது ஆசிரியரை அழைத்துக் கேட்டனர். அவர் கால்பந்துப் பயிற்சியாளர். உயிரியல் ஆசிரியர் விடுப்பில் இருந்தபோது சில நாள் அவ்வகுப்பைக் கவனித்தவர். பரிணாமப் பாடத்தை நடத்தினோமா என்பதே அவருக்கு உறுதியாக நினைவில்லை. எனினும் சட்டம் தவறானது என்று கருதியதால் குற்றவாளியாக நிற்க ஒப்புக்கொண்டார்.

அரசுத் தரப்புக்குத் துணையாக வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் வந்தார். மூன்று முறை குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டவர், உழவர்க்கும் எளியோர்க்கும் பரிந்து பேசியவர், நாவன்மை மிக்கவர். 1896இல் டாரோவே அவருக்கு ஆதரவாக இருந்தவர். பிரையனின் அச்சத்திலும் ஓர் உண்மை இருந்தது என்பதை மறைத்தலாகாது. வலியவன் வாழ்வான், மெலியவன் மாய்வான் என்று டார்வின் பெயரைச் சொல்லிச் செல்வர்கள் தம் கொடுமைக்கு நியாயம் தேடிய காலம் அது. ஆனால் அந்நோய்க்குப் பாடத்தைத் தடை செய்வதே மருந்து என்று அவர் கருதியதுதான் பிழை. அவர் எதிர்த்தரப்புக்கு வந்தார் என்று அறிந்ததும், அறுபத்தெட்டு வயது டாரோ கட்டணம் ஏதும் பெறாமல் ஆசிரியருக்காக வாதாட முன்வந்தார்.

ஜூலை 10ஆம் நாள் விசாரணை தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட செய்தியாளர்கள் குவிந்தனர். சிகாகோ வானொலி நிலையம் ஒன்று நீதிமன்ற நடவடிக்கைகளை நேரடியாக ஒலிபரப்பியது. அமெரிக்காவில் அதுவே முதன்முறை. தெருவெங்கும் கடைகள், வேடிக்கை காட்டும் குரங்குகள், வெயிலோ கொளுத்தியது. அறிவியல் அறிஞர்களைச் சாட்சிகளாக நிறுத்த டாரோ தரப்பினர் அழைத்து வந்திருந்தனர். அவர்களை ஜூரியின் முன் பேசவிட நீதிபதி இசையவில்லை. சட்டம் மீறப்பட்டதா என்பது மட்டுமே வழக்கு. சட்டம் சரியா, கொள்கை சரியா என்பன வழக்கல்ல என்று கூறிவிட்டார். கதவுகள் எல்லாம் அடைபட்டன.

அப்பொழுதுதான் டாரோ எவரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். ஜூலை 20ஆம் நாள் பிற்பகல், கூட்டத்தின் பாரத்தைக் கட்டடம் தாங்காது என்று அஞ்சி நீதிமன்றம் வெளியே புல்வெளிக்கு மாற்றப்பட்டிருந்தது. அங்கு, எதிர்த்தரப்பு வழக்கறிஞரான பிரையனையே விவிலியம் அறிந்தவர் என்ற முறையில் சாட்சியாக அழைத்தார். பிரையனும் துணிந்து வந்து அமர்ந்தார். மீனின் வயிற்றில் மூன்று நாள் இருந்த யோனாவைப் பற்றியும், யோசுவாவின் கட்டளைக்கு நின்ற கதிரவனைப் பற்றியும், காயீனின் மனைவி எங்கிருந்து வந்தாள் என்பதைப் பற்றியும் கேள்விக்குமேல் கேள்வியாகத் தொடுத்தார் டாரோ. உலகம் படைக்கப்பட்ட ஆறு நாட்களும் இருபத்துநான்கு மணி நேரம் கொண்ட நாட்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று பிரையன் ஒப்புக்கொண்டார். எழுத்துக்கு எழுத்துப் பொருள் கொள்ள வேண்டாம் என்று அவரே கூறிய பின், வேறு பொருள் கொள்ளும் ஆசிரியரைத் தண்டிப்பது எங்ஙனம்? கேட்டோர் நெஞ்சில் இக்கேள்வி எழுந்தது. மறுநாள் நீதிபதி அச்சாட்சியம் முழுவதையும் பதிவிலிருந்து நீக்கினார். ஆயினும் செய்தித்தாள்கள் அதனை உலகெங்கும் கொண்டு சென்றுவிட்டன.

மேல்முறையீட்டுக்கு வழி வேண்டும் என்பதற்காக, குற்றவாளி என்றே தீர்ப்பளிக்குமாறு டாரோ ஜூரியைக் கேட்டுக்கொண்டார். ஒன்பது நிமிடங்களில் அவ்வாறே தீர்ப்பு வந்தது. அபராதம் 100 டாலர். ஐந்து நாட்களுக்குப் பின் பிரையன் உறக்கத்திலேயே உயிர் துறந்தார். 1927இல் மாநில உச்ச நீதிமன்றம், அபராதத்தை ஜூரிக்குப் பதிலாக நீதிபதி விதித்தது முறையன்று என்னும் சிறு காரணத்தைக் காட்டித் தண்டனையை நீக்கியது. சட்டத்தை மட்டும் செல்லும் என்றது. அச்சட்டம் நீக்கப்பட்டது 1967இல்தான். மறு ஆண்டு, ஆர்கன்சா மாநிலத்தில் இருந்த இத்தகைய சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதென்று அறிவித்தது.

பாடநூல் பற்றி ஒரு செய்தி

இவ்வழக்கில் பேசப்படாமலே போன ஒன்றை நம் இளைஞர்கள் அறிய வேண்டும். ஸ்கோப்ஸ் பயன்படுத்திய பாடநூல் ஜார்ஜ் வில்லியம் ஹண்டர் 1914இல் எழுதியது. பரிணாமத்தைக் கூறிய அதே நூல், மனித இனங்களை ஐந்தாகப் பிரித்து, வெள்ளையரை எல்லோருக்கும் மேலாக வைத்தது. சில குடும்பங்கள் பிறப்பிலேயே இழிந்தவை என்றும், அவை பெருகாமல் தடுக்க வேண்டும் என்றும் கூறியது. அன்று அது அறிவியல் என்று நம்பப்பட்டது. நீதிமன்றத்தில் இரு தரப்பினரும் அப்பக்கங்களை எதிர்த்து வாதிடவில்லை.

ஆனால் மறு ஆண்டு, 1926இல், அப்போலி அறிவியலைக் கடுமையாகத் தாக்கி டாரோ கட்டுரை எழுதினார். எவர் பிறக்கத் தக்கவர், எவர் தகாதவர் என்று முடிவு செய்யும் அதிகாரத்தைச் சிலர் கையில் கொடுப்பது பேராபத்து என்று எச்சரித்தார். பிறப்பால் ஒருவன் தாழ்ந்தவன் என்று வேத நூல் கூறினும் ஏற்கலாகாது. பாடநூல் கூறினும் ஏற்கலாகாது. கேள்வி கேட்கும் உரிமையை மதத்தினிடம் மட்டும் பயன்படுத்திவிட்டு, அறிவியல் என்னும் பெயர் கேட்டவுடன் கைகட்டி நிற்பது பகுத்தறிவாகாது. இவ்வழக்கிலிருந்து நாம் கொள்ள வேண்டிய முதற்பாடம் இது.

திரைப்படம் கூறுவதும் கூறாததும்

ஜெரோம் லாரன்சு, ராபர்ட் லீ என்னும் இருவர் டேட்டன் வழக்கைத் தழுவி எழுதிய இன்ஹெரிட் தி விண்ட் என்னும் நாடகம் 1955இல் அரங்கேறியது. பொதுவுடைமையர் என்று குற்றம் சாட்டி, எழுத்தாளரையும் ஆசிரியரையும் வேட்டையாடிய அக்காலத்து அமெரிக்காவுக்குப் பழைய வழக்கின் மூலம் அறிவுரை கூறுவதே ஆசிரியர்களின் நோக்கம். 1960இல் ஸ்டான்லி கிராமர் இயக்கத்தில் அது திரைப்படமாயிற்று. டாரோவைப் போன்ற பாத்திரத்தில் ஸ்பென்சர் டிரேசியும், பிரையனைப் போன்ற பாத்திரத்தில் பிரடெரிக் மார்ச்சும் நடித்தனர். நீதிமன்றக் காட்சிகளைக் கொண்ட படங்களுள் தலைசிறந்த ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது. இறுதிக் காட்சியில் வழக்கறிஞர் தனித்து நின்று, ஒரு கையில் விவிலியத்தையும் மறு கையில் டார்வின் நூலையும் எடை பார்ப்பது போல் ஏந்தி, பின் இரண்டையும் சேர்த்து இடுக்கிக்கொண்டு வெளியேறும் காட்சி கண்டோர் நெஞ்சை விட்டு நீங்காதது.

படத்தை வரலாறாகக் கொள்ளுதல் கூடாது. படத்தில் ஆசிரியர் சிறையில் வாடுகிறார். ஊரார் அவரைத் தூக்கிலிடத் துடிக்கின்றனர். உண்மையில் ஸ்கோப்ஸ் சிறை புகவில்லை. ஊராரின் அழைப்பின் பேரிலேயே வழக்கில் நின்றார். பின்னர் சிகாகோவில் நிலவியல் பயின்று, அத்துறையில் பணியாற்றி, 1970இல் மறைந்தார். பிரையனும் படத்தில் வருவது போல் நீதிமன்றத்தில் வீழ்ந்து மாயவில்லை.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. படம் டேட்டனோடு முடிந்துவிடுகிறது. டாரோ அங்கிருந்து எங்குச் சென்றார் என்பதை அது கூறுவதில்லை.

ஒரு வீட்டின் வழக்கு

ஆசியன் ஸ்வீட் என்பவர் புளோரிடா மாநிலத்தில் எளிய கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். ஊரார் கூடிக் கறுப்பின மனிதர் ஒருவரை உயிரோடு எரித்த கொடுமையைச் சிறு வயதிலேயே கண்டவர். தளராமல் படித்து மருத்துவரானார். வியன்னாவிலும் பாரிசிலும் மேற்பயிற்சி பெற்றார். டெட்ராய்ட் நகரில் வெள்ளையர் வாழும் கார்லண்ட் தெருவில் 18,500 டாலருக்கு ஒரு வீட்டை விலை பேசினார். அவ்வாண்டுக் கோடையில்தான் அதே நகரில் மற்றொரு கறுப்பின மருத்துவர், குடியேறிய அன்றே கூட்டத்தினரால் விரட்டப்பட்டிருந்தார். அஃது அறிந்தும் ஸ்வீட் பின்வாங்கவில்லை. 1925 செப்டம்பர் 8ஆம் நாள் மனைவியுடன் குடியேறினார். துணைக்குத் தம்பியரும் நண்பரும் உடனிருந்தனர். தற்காப்புக்குத் துப்பாக்கிகளும் இருந்தன.

மறுநாள் இரவு வீட்டின் முன் பெருங்கூட்டம் திரண்டது. கற்கள் பறந்தன, சன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. காவலர்கள் நின்றிருந்தனர், கூட்டத்தைக் கலைக்க முன்வரவில்லை. வீட்டினுள்ளிருந்து துப்பாக்கி வெடித்தது. வெளியே நின்ற வெள்ளையர் ஒருவர் இறந்தார். வீட்டிலிருந்த பதினொரு பேரும், மருத்துவரின் மனைவி கிளாடிஸ் உள்பட, கொலைக் குற்றத்திற்காகக் கைது செய்யப்பட்டனர். கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கம் டாரோவை அணுகியது. டேட்டன் களைப்பு நீங்காத முதியவர், தயங்கியபின் இசைந்தார்.

அரசுத் தரப்புச் சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராக வந்து, வீட்டின் முன் கூட்டமே இல்லை, சிலரே நின்றனர் என்றனர். டாரோ பொறுமையாகக் குறுக்கு விசாரணை செய்தார். ஓர் இளைஞன் பெருங்கூட்டம் என்று வாய் தவறிக் கூறி, உடனே சிலர் என்று திருத்திக்கொண்டான். அவ்வாறு கூற வேண்டும் என்று அவனுக்கு முன்கூட்டியே சொல்லித் தரப்பட்டது வெளிப்பட்டது. அத்தெருவினர் முன்னேற்றச் சங்கம் என்னும் பெயரில் ஓர் அமைப்பு ஏற்படுத்தியிருந்ததையும், கறுப்பினத்தாரை உள்ளே விடாமையே அம்முன்னேற்றத்தின் பொருள் என்பதையும் டாரோ வெளிக்கொணர்ந்தார்.

ஜூரியில் இருந்த பன்னிருவரும் வெள்ளையர். அவர்களிடம் டாரோ ஒன்றைத்தான் கேட்டார். நிறத்தை மாற்றி வைத்துப் பாருங்கள். வெள்ளையர் வீட்டைக் கறுப்பர் கூட்டம் சூழ்ந்து கல்லெறிந்திருந்தால், உள்ளிருந்து சுட்டவரை எவரேனும் குற்றவாளி என்பரா என்பதே அக்கேள்வியின் சாரம். தன் வீடு தனக்குக் கோட்டை என்னும் பழைய சட்டம் வெள்ளையர்க்கு மட்டுமா உரியது? முதல் விசாரணையில் ஜூரி ஒருமித்த முடிவு காண இயலவில்லை. 1926இல் தம்பி ஹென்றி ஸ்வீட் மட்டும் தனியே விசாரிக்கப்பட்டார். டாரோ ஏழு மணி நேரத்திற்கு மேல் உரையாற்றினார். மே 13ஆம் நாள் ஹென்றி குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. பின்னர் ஏனையோர் மீதிருந்த வழக்குகளும் கைவிடப்பட்டன.

வழக்கில் வென்ற அக்குடும்பம் வாழ்வில் வென்றதா? குழந்தை ஐவாவும் தாய் கிளாடிசும் சில ஆண்டுகளுக்குள் காசநோய்க்கு இரையாயினர். ஹென்றியும் 1940இல் அந்நோயாலேயே மாண்டார். மருத்துவர் ஸ்வீட், 1960ஆம் ஆண்டு தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். டேட்டன் வழக்கைப் படமாக உலகம் கண்டு பாராட்டிய ஆண்டும் அதுவே. நீதிமன்றத் தீர்ப்பு ஒரு மனிதனைச் சிறையிலிருந்து மீட்கும். அவன் பட்ட புண் அனைத்தையும் ஆற்றிவிடாது என்பதை மறத்தலாகாது. அந்த வீடு 1985ஆம் ஆண்டு அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இறுதி நாட்கள்

1929ஆம் ஆண்டின் பங்குச் சந்தை வீழ்ச்சியில் டாரோவின் சேமிப்புக் கரைந்தது. 1932இல் அவர் ஹவாய்த் தீவுக்குச் சென்று ஏற்ற வழக்கு, அவரது புகழில் படிந்த கறை. அங்குக் கற்பழிப்புக் குற்றம் சாட்டப்பட்ட உள்நாட்டு இளைஞர்கள் மீதான வழக்கு முடிவின்றிப் போயிற்று. சினமுற்ற வெள்ளையர் நால்வர் அவர்களுள் ஒருவரான ஜோசப் கஹஹவாய் என்பவரைக் கடத்திக் கொன்றனர். டாரோ கொன்றவர்கள் சார்பில் வாதாடினார். ஜூரி அவர்களைக் குற்றவாளிகள் என்றது. பத்தாண்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டது. ஆளுநரோ அதனை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். டெட்ராய்ட்டில் நிறத்தை மாற்றிப் பார்க்கச் சொன்னவர், ஹவாயில் அவ்வாறு பார்க்கத் தவறினார். பெரியோர் காட்டிய வழியைப் பின்பற்றுவோம். வழி தவறிய இடத்தில் அவர்களையும் பின்பற்ற வேண்டுவதில்லை.

1938 மார்ச்சு 13ஆம் நாள் டாரோ சிகாகோவில் காலமானார். அவரது விருப்பப்படி உடலை எரித்து, சாம்பலை அந்நகரின் ஜாக்சன் பூங்காவிலுள்ள நீர்நிலையில் தூவினர். அங்குள்ள பாலம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. டேட்டன் நீதிமன்ற வளாகத்தில் 2005இல் பிரையனுக்குச் சிலை வைக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2017இல், அதே புல்வெளியில் டாரோவுக்கும் சிலை எழுந்தது.

முடிவுரை

நம் சமுதாய இளைஞர்களுக்கு ஒன்று கூறி இக்கட்டுரையை முடிக்கின்றோம். டேட்டன் வழக்கில் டாரோ தோற்றார். ஆயினும் தடையிடப்பட்ட பாடம் காலப்போக்கில் வகுப்பறைக்குள் நுழைந்தது. டெட்ராய்ட் வழக்கில் வென்றார். ஆயினும் தெருக்கள் உடனே திறந்துவிடவில்லை. சட்டம் ஒரு கருவி. அதனைக் கையாளத் தெரிந்தவர் எளியோர் பக்கம் நின்றாலன்றி அது வலியோர்க்கே பயன்படும். ஆகவே, உங்களுள் சட்டம் பயில்வோர் பெருகுதல் வேண்டும். ஆசிரியராவோர் பெருகுதல் வேண்டும். ஆசிரியராவோர், தம் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து ஏன் என்று கேட்கும்போது அவனை அமரச் சொல்லாமல் இருத்தல் வேண்டும். ஏன் என்று கேட்கும் பழக்கம் வகுப்பறையில் தொடங்குகிறது. தெருவில் நம்மை மறிப்பவனை நோக்கி ஏன் என்று கேட்கும் துணிவும் அங்கேதான் பிறக்கிறது. பிரம்பைத் தூக்கி எறிந்த அக்கிராமப் பள்ளி ஆசிரியர் நமக்குக் காட்டிச் சென்ற வழி இதுவேயாகும்.